உள்பக்கம் தேய்ந்த டயர்

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயில் கூட்டத்தில் கடை போட்டால்தான் எங்களுக்கு அந்த மாதம் ஓடும். நானும் என் வீட்டுக்காரரும் செஞ்சியில் டிபன் கடை நடத்துகிறோம். கடை என்றால் கட்டடம் இல்லை. குட்டியானை லோடு வண்டிக்குப் பின்னால் கோர்த்து இழுத்துப் போகிற டிரெய்லர். இரண்டு சக்கரம், தகரக் கூரை, உள்ளே அடுப்பு, தோசைக்கல், தண்ணீர் டிரம். திருவண்ணாமலை ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் அதைச் செய்து கொடுத்தவர்.

ஓர் அமாவாசையன்று பாதி வழியில் இடது டயர் வெடித்தது. டிரெய்லர் ஒரு பக்கமாகச் சரிய, சாம்பார் அண்டா கவிழ்ந்து இட்லி மாவுக்குள் கொட்டியது. ரப்பர் தீய்ந்த நாற்றமும் சாம்பார் வாசனையும் கலந்து அடித்தன. கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

கழற்றிப் போட்ட டயரைக் குனிந்து பார்த்தேன். வெளி ஓரத்தில் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் பட்டன்கள் புதிதாக இருந்தன. உள் ஓரம் மொட்டையாகி, கம்பி மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு மாற்றிய டயரும் இப்படித்தான் செத்தது. வலது பக்கத்து டயருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

டயர் கடைக்காரர் பார்த்ததுமே சொன்னார்: “காத்து கம்மியா வெச்சி ஓட்டிருப்பீங்கக்கா.”

“காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும்தான தேயும்? இது ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருக்குது.”

“நம்ம ரோடு அப்பிடி.”

“வலது டயரு மட்டும் வேற ரோட்ல போவுதா?”

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்த சத்தமே கேட்கவில்லை. இன்னொரு டயரை விற்றால் போதும் அவருக்கு.

தண்ணீர் டிரம் இடது பக்கம் இருக்கிறது, பாரம் அங்கேதான் இறங்குகிறது என்றார் என் வீட்டுக்காரர். டிரம்மை வலது பக்கம் மாற்றினோம். புது டயரும் அதே உள் ஓரத்தில் தேய ஆரம்பித்தது. அவருடைய அண்ணனைக் கேட்டதற்கு, “மட்டமான டயரு வாங்கினா அப்பிடித்தான்” என்றார். சரி என்று இடது டயரை வலது பக்கமும் வலது டயரை இடது பக்கமும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் நன்றாக இருந்த டயர், இடது பக்கம் வந்ததும் உள்ளே தேய்ந்தது. அப்படியானால் குற்றம் டயரில் இல்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினோம். ஆட்டமே இல்லை, பேரிங் கெட்டியாக இருந்தது. வண்டியை மறுபடி தரையில் இறக்கினோம். என் நைனா கொத்தனார். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். நான் நூலில் ஒரு நட்டைக் கட்டி, சக்கரத்துக்கு மேலே தகர விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். வலது சக்கரத்தில் நூலுக்கும் டயருக்கும் மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி. இடது சக்கரத்தில் கீழே நூல் டயரை உரசியது. மேலே என் உள்ளங்கை நுழைந்தது. சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நின்றது. பாரமெல்லாம் உள் ஓரத்தில்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து நுழைந்தேன். காய்ந்த சாணியும் என்றோ ஒழுகிய சாம்பாரும் முகத்தில் உதிர்ந்தன. இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் அச்சு ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று இருந்தது. தோசைத் திருப்பியால் சுரண்டினேன். பெயிண்ட் உரிந்தது. அதற்கடியில், மேடுபள்ளம் தெரியாமல் இருக்கப் பூசுகிற பட்டி பொலபொலவென்று கொட்டியது. உள்ளே வெல்டிங் ஒட்டு. இரண்டு துருப்பிடித்த பழைய அச்சுத் துண்டுகளை ஒட்ட வைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார் என் வீட்டுக்காரரின் அண்ணன். பாரம் ஏற ஏற ஒட்டு வளைந்துவிட்டது.

வெளியே வந்து வாய் கொப்பளித்தேன். கசப்பு போகவில்லை.

“அண்ணங்கிட்ட எப்பிடி கேக்கறது? விடு, சத்தமில்லாம மாத்திக்கலாம்” என்றார் என் வீட்டுக்காரர். அந்த நிமிடம் அவரைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தனியாகவே பட்டறைக்குப் போனேன். மாமா வெற்றிலை எச்சிலைச் சுவரோரம் துப்பிவிட்டு, என் புடவையில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்து, “இன்னாம்மா, மெக்கானிக் ஆயிட்டியா?” என்று சிரித்தார்.

“அச்சுல எதுக்கு மாமா பட்டி வெச்சீங்க?”

“துரு புடிக்காம இருக்க.”

“ஒட்டு தெரியாம இருக்கன்னு சொல்லுங்க. அது ஒடிஞ்சி, கொதிக்கிற எண்ணெயோட கவுந்திருந்தா?”

அவர் முகத்தில் வெட்கம் தேடினேன். இல்லை. “வெளியாளுக்குன்னா புது அச்சு போட்டிருப்பேன். கேள்வி கேப்பான், குனிஞ்சி பாப்பான். சொந்தத்துல யாரு குனிஞ்சி பாக்கறாங்க?”

இதைச் சொல்லிவிட்டு டீ சாப்பிடுகிறாயா என்றார். ரோட்டில் இறங்கி நடந்தேன்.

திண்டிவனத்தில் டிரெய்லர் செய்கிற இடத்தில் ஒரே துண்டாகப் புது அச்சு போட்டோம். வண்டியை எடுப்பதற்கு முன் அங்கேயே நூல் கட்டிப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் நேராக நின்றன. இப்போது வாரா வாரம் டயரைக் குறுக்கே கையால் தடவிப் பார்க்கிறேன். ஓரமும் நடுவும் ஒன்றுபோல் தேய்கின்றன.

அச்சு மாற்றிய பிறகு வந்த அமாவாசைக்கு மாமா குடும்பத்தோடு மேல்மலையனூர் வந்தார். முதல் ஆளாகத் தட்டை நீட்டிப் பொங்கல் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம், “இந்த வண்டி நான் செஞ்சது. ஸ்ட்ராங்கு” என்றார். என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேல தகரம் மாமா செஞ்சது. கீழ அச்சு திண்டிவனத்துல மாத்தினது” என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

மாமா மெல்லுவதை நிறுத்தவில்லை. “சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். ஊற்றினேன். பக்கத்தில் நின்றவர் மட்டும் தட்டைப் பிடித்தபடி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.