வாசலுக்கு வந்த கார்

ராணுவம் ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, "நல்ல கம்பெனி போல, வீட்டு வாசலுக்கே வண்டி அனுப்பியிருக்கான்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்ன மடையன் நான்தான்.

போன கோடையில் தென்காசியில் நடந்தது இது. எனக்குக் குற்றாலத்தில் கடை. குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும் ஜட்டியும் விற்கிறேன். அருவியில் தண்ணீர் இல்லையென்றால் எனக்கும் வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவா, ஊருக்கே வந்துவிடவா? "இங்க அருவியிலயே தண்ணி இல்ல. நீ வந்து எதுல குளிக்கப் போற?" என்றேன். சிரித்தாள். பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் ஒரு மண்டபத்தில் வெளிநாட்டுப் படம் இலவசமாகப் போடுகிறார்கள், வடையும் டீயும் உண்டு என்று கேள்விப்பட்டேன். வடைக்காகப் போனேன். கண்ணாடியை மறந்துவிட்டேன். அவர்கள் பேசிய பாஷையும் புரியவில்லை, கீழே ஓடிய இங்கிலீஷும் தெரியவில்லை.

படத்தில் விடியற்காலை ஒரு வீட்டு முன்னால் கார் வந்து நிற்கிறது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு முத்தம் கொடுக்கிறார். மனைவி ஒரு பையில் துணியும் ரொட்டியும் வைத்துக் கொடுக்கிறாள். கடைக்குட்டி காருக்குப் பின்னாலேயே ஓடுகிறது. எங்கள் பக்கம் இதைப் பார்க்காத தெரு கிடையாது. வெளிநாட்டு வேலைக்குத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்புகிற காட்சியேதான். அதனால்தான் கம்பெனி வசனத்தை எடுத்து விட்டேன்.

பக்கத்தில் இருந்தவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, அது ஏர்போர்ட் வண்டி இல்ல. அங்க மிலிட்டரி ஆட்சி. ஆளைப் பிடிச்சிட்டுப் போறானுவ."

அதற்கப்புறம்தான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். அந்த மனைவி துவைத்த சட்டையோடு ராணுவ முகாம் வாசலில் போய் நிற்கிறாள். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று விரட்டுகிறார்கள். மறுநாளும் போகிறாள். வீட்டில் போன் அடித்தால் பிள்ளைகள் எல்லாம் சாப்பாட்டை விட்டுத் திரும்புகிறார்கள். வேறு யாரோ பேசுகிறார்கள். 'வந்துவிடு' என்று சொல்ல அவளுக்கு ஒரு நம்பர்கூட இல்லை. என் சட்டைப் பையில் போன் இருந்தது.

படம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டேன். முதலில் துண்டு வியாபாரத்தைப் பற்றி ஏதோ கேலிதான் வந்தது. குற்றாலம் பஸ் ஒன்று என்னை விட்டுவிட்டுப் போனது. ஒரு வழியாக, "நீ வந்துரு" என்றேன். அவள் போன நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை.

அப்புறம் சீசன் வந்தது, கடையில் கூட்டமும் இருந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் எந்தக் கார் வந்து நின்றாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியும், வர வேண்டியவள் இப்போது வர முடியாது என்பதும் தெரியும். அன்றைக்குப் போனை வைக்கும் முன் அவள்தான் சொன்னாளே:

"நேத்துதான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். கேலி பேச மட்டும் உங்களுக்கு நேரத்துக்கு வாய் வருது."