மாடியில் விட்டுவைத்த கம்பிகள்

ஸ்தாதிஸ் கிரீஸ் நாட்டின் கலமாட்டாவில் நாற்பது வருடம் கம்பி கட்டியவர். 1986இல் பூமி அதிர்ந்து ஊர் குலைந்த பிறகு எழும்பிய வீடுகள் பலவற்றின் தூண்களுக்குள் அவர் முறுக்கிய கட்டுக்கம்பி இருக்கிறது. "பாரத்த கான்கிரீட் தாங்கிக்கும். ஆட்டத்துக்குக் கம்பிதான்டா" என்பார். தூண்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம் ஒரு விரற்கடை தள்ளி விழுந்தாலும், கூட வேலை செய்பவரை அவிழ்த்துக் கட்ட வைத்துவிடுவார்.

தன் வீட்டைக் கட்டியபோது மொட்டைமாடியில் ஆறு தூண்களிலும் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பிகளை நீட்டி விட்டுவைத்தார். மகள் ஃபோதினிக்குக் கல்யாணமானால் மேல்தளம் அவளுக்கு. அவளோ செவிலியர் வேலைக்கு ஸ்டுட்கார்ட் போய், அங்கேயே ஒரு ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டாள். ஆகஸ்டில் பத்து நாள் வந்துவிட்டுப் போவாள். கம்பிகள் பதினெட்டு வருடம் மழையிலும் உப்புக்காற்றிலும் நின்றன.

ஒரு மார்ச் மாதம் சமையலறைத் தூணின் உச்சி வெடித்துக் காரை உதிர்ந்தது. ஸ்தாதிஸ் உளியால் தட்டிப் பார்த்தார். மாடியிலிருந்து துரு கம்பி வழியே உள்ளே இறங்கி, உப்பி, கான்கிரீட்டைப் பிளந்திருந்தது. அடுத்தவர் வீடாக இருந்தால் மறுநாளே வெட்டச் சொல்லியிருப்பார். தன் வீட்டில் மூன்று வாரம் தள்ளிப்போட்டார்.

பிறகு மகளை ஃபோனில் கூப்பிட்டார்.

"கம்பி துருப்பிடிச்சு தூணுக்குள்ள இறங்கிருச்சும்மா. நீ வர்றதா இருந்தா இப்பவே மேல எழுப்பிடலாம். இல்லேன்னா வெட்டணும்."

ஃபோதினி சொன்னாள்: "வெட்டிடுங்கப்பா. முன்னாடியே சொல்லியிருக்கணும். உங்க மூஞ்சியப் பார்த்தா சொல்ல வரல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கருஃபலியா நிமிர்ந்தாள். "ஊரான் வீட்டயெல்லாம் நிக்க வச்ச மனுஷன், நம்ம வீட்டு மாடிய மட்டும் மொட்டையடிக்கப் போற."

"வெட்டலேன்னா இருக்கிற வீடும் நிக்காதுடி."

"நின்னு யாருக்கு?"



சனிக்கிழமை காலை வெட்டும் எந்திரத்தைத் தானே மேலே தூக்கிப் போனார். பக்கத்து வீட்டு யொர்தானிஸ் உதவிக்கு வந்தபோது, "நான் கட்டினது, நானே பாத்துக்கறேன்" என்று திருப்பி அனுப்பினார். ஆறு தூண்களின் கம்பிகளையும் வெட்டி முடிக்க மதியமாயிற்று. வெட்டிய முனைகளைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, கலவையால் மூடினார். பிளந்த தூணையும் சரிசெய்தார். வேலை சுத்தமாக இருந்தது. கருஃபலியா ஒரு மாதம் மாடிப்படி ஏறவில்லை.

ஆகஸ்டில் ஃபோதினி கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். வீட்டில் இடம் போதாது என்று இந்த முறை கடற்கரை விடுதியில் அறை எடுத்திருந்தார்கள். கருஃபலியா தினமும் சமைத்ததைப் பாத்திரங்களில் கட்டினாள். மதிய வெயிலில் அவளும் ஸ்தாதிஸும் பேருந்து ஏறி அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.