பருத்திப்பட்டு மனையும் மூன்று கம்பெனிகளும்

அடுத்தவர் தொடங்கும் கம்பெனியில் பணம் போடுவதும் ஒரு தொழில்தான். வீட்டில் மட்டும் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது புரியும். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்த நான், எண்பதுகளின் கடைசியில் அதற்காகவே பருத்திப்பட்டு மனையை விற்றேன். வீடு கட்டுவதற்காக வாங்கிய மனை. "பணம் திரும்பி வந்தா சொந்த வீடு, வராட்டி கடைசிவரைக்கும் வாடகை வீடு. பாத்துப் போடுங்க" என்றாள் மனைவி மரகதம்.

சுழல் நாற்காலி

சென்னீர்குப்பத்தில் ஒருவர் பிளாஸ்டிக் வாளி கம்பெனி தொடங்கியிருந்தார். பெயர்ப்பலகை, சுழல் நாற்காலி, மேஜைமேல் மணி எல்லாம் இருந்தன. மணியை அடித்தார். யாரும் வரவில்லை. அவரே எழுந்து போய் டீ வாங்கி வந்தார். லேத் முன்னால் நின்றே பழகிய எனக்கு அந்த நாற்காலிமேல் ஒரு மயக்கம். நான் பார்த்தது தொழிலையா, நாற்காலியையா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பணத்தைக் கொடுத்த பிறகுதான் மெஷின் எங்கே என்று கேட்கத் தோன்றியது.

"மொதல்ல மொதலாளி மாரி ஒக்காரணும் சார். மெஷின் பின்னாலயே வந்துரும்."

பூசணிக்காய் உடைத்த அன்று

ஒரு வாளிகூட வராமல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. அடுத்தது ஆவடியில் மிக்சி கம்பெனி. இந்த முறை தொடங்கியவரை விட்டுவிட்டு, கூடப் பணம் போடுகிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ரிடையரான ஃபோர்மேன். இன்னொருவர் கம்பெனிக்குப் பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமி.

திறப்பு விழாவில் பூசணிக்காய் உடைத்ததும் ஃபோர்மேனிடம் சொன்னேன்: "நீங்க விசாரிக்காம போடமாட்டீங்கன்னுதான் சார் நான் துணிஞ்சேன்."

அவர் முகம் மாறியது. "பட்டறைக்காரர் நீங்களே போட்டீங்களேன்னுதான் நான் பி.எஃப். பணத்தை எடுத்தேன்!"

நடுவில் நின்ற முனுசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெவரம் தெரிஞ்ச ஆளுங்கோன்னு நம்பி ஊட்டுக்காரி நகைய அடகு வெச்சிக்கினு வந்தேன் நைனா. அப்போ எவனுமே விசாரிக்கலயா?"

ஸ்பிரிங் பட்டறை

மிக்சியும் ஓடவில்லை. மனை விற்ற பணத்தில் பாதிக்குமேல் போய்விட்டது.   விட்டதைப் பிடிக்க, எங்கள் தொழிற்பேட்டையிலேயே புதிதாக ஸ்பிரிங் பட்டறை போட்ட தணிகாசலத்திடம் போனேன். அவர் உட்கார்ந்திருந்தது எண்ணெய் டின்மேல், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை ஏமாறவில்லை என்று பூரித்து, மிச்சம் மொத்தத்தையும் தருவதாகச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர், எனக்குத் தெரியாமல் சென்னீர்குப்பத்துக்கும் ஆவடிக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"தப்பா எடுத்துக்காத அண்ணாத்தே. நீ புடிச்ச ஆளுங்கள எல்லாம் போய்ப் பாத்தேன். என்னையும் உனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னியா, அதுலேந்து எனக்கே என் மேல டவுட்டா கீது."

மிச்சப் பணத்தில் மரகதம் முகப்பேரில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கினாள். என் முதலீடுகளிலேயே உருப்பட்டது, தணிகாசலம் வாங்க மறுத்த அந்தப் பணம் ஒன்றுதான்.