கீபோர்டு மேல் வைத்த தேங்காய்த் தட்டு

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தேன். ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், குரூப் எல்லாம் அதில் இருக்கும். பெயரைத் தமிழில் அடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்காகக் கீபோர்டு டிரைவரை நானே எழுதினேன். அடிக்கிற எழுத்தை வாங்கி உள்ளே அனுப்புகிற சின்ன புரோகிராம்தான். ஆனாலும் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

விஜயதசமிக்கு மறுநாள் நான் குற்றாலத்தில் லாட்ஜில் இருந்தேன். உடனே வரச் சொல்லி போன் வந்தது. முந்தின நாள் கடையத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு பி குரூப் ரத்தம் தேவைப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் காட்டிய ஆளைக் கூட்டி வந்து, லேபில் கலந்து பார்த்தால் ரத்தம் திரிந்துவிட்டது. அவர் ஏ குரூப். நல்லவேளை, வேறு ஆள் கிடைத்துப் பெண் பிழைத்தாள். அடுத்த பஸ்ஸில் தென்காசிக்குப் போனேன்.

"இசக்கியம்மாள வேலைய விட்டு அனுப்பிட்டேன். இப்படியா கண்ண மூடிட்டு அடிப்பா?" என்றார் டாக்டர். பட்டியலை அடித்தவள் அவள்தான். மேசை மேல் அவள் எழுதி வைத்திருந்த அட்டைகள் இருந்தன. அந்த ஆளின் அட்டையில் ஏ என்றே இருந்தது. திரையில் பட்டியலை ஓட்டினேன். முதல் ஆளிலிருந்து நூறு பேருக்கு மேல், ஒருவர் விடாமல் பி. அட்டைகளில் அப்படி இல்லை. கீபோர்டில் குங்குமம் ஒட்டியிருப்பதைப் பார்த்து டாக்டரிடம் கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு இதுல என்ன செஞ்சீங்க சார்?"

"எல்லாம் ஓடிட்டு இருக்கணும்லா? பிரிண்டரையும் ஓட விட்டோம். தேங்காத் தட்ட நான்தான் கீபோர்டு மேல வச்சு சூடம் காட்டுனேன். அந்நேரம் என்னமோ கீ கீன்னு சத்தம் போட்டுது."

பிரிண்டர் ஓடும்போது அடிக்கிற எழுத்துகள் டிரைவரிலேயே காத்திருக்கும். அங்கே அறுபத்து நாலு எழுத்துக்குத்தான் இடம். நிரம்பியதும் சத்தம் போட வேண்டும், அதற்கு மேல் வருவதைத் தள்ளிவிட வேண்டும். சத்தம் போட எழுதியிருந்தேன். தள்ளிவிட எழுதவில்லை. தட்டின் விளிம்பு பி எழுத்தை அமுக்கியிருக்கிறது. மிஞ்சிய பி எல்லாம் மெமரியில் அடுத்திருந்த குரூப் பட்டியலின் மேல் ஏறிவிட்டன. மெஷினை அணைக்கும்போது அதுவே டிஸ்கிலும் பதிந்துவிட்டது. சூடம் அணையும் நேரத்தில் நூறு பேர் ரத்தத்தை மாற்றியிருந்தேன்.

"அப்ப தட்டுதான் காரணமா? இனிமே வைக்கல" என்றார் டாக்டர். அதோடு விட்டிருக்கலாம். அந்த ஊரில் என் புரோகிராமைப் படித்துப் பார்க்க யாரும் இல்லை. பொய் சொல்ல மனசு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"தட்டு இல்ல சார். ஒரு வரி நான் எழுதாம விட்டுட்டேன்."

அவர் அட்டைகளை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "அத அவகிட்ட போய்ச் சொல்லும்" என்றார்.

அவள் ஊரான பண்பொழிக்குப் பஸ் ஏறினேன். இசக்கியம்மாள் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, திட்டவில்லை.

"நேத்துலருந்து நான்தான் தப்பா அடிச்சேன்னு நானே நம்பிட்டேன் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த புரோகிராமையும் கீபோர்டில் ஒரு தட்டை வைத்துப் பார்க்காமல் யாரிடமும் கொடுத்ததில்லை.