குளவி விரட்டும் வீடியோ

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். போனில் ஒரு சத்தத்தை ஓடவிட்டால் குளவி கிட்ட வராது என்று வந்த வீடியோவை எல்லோருக்கும் அனுப்பினேன். பக்கத்து நிரையில் பறிக்கும் செல்வமணி அக்கா மட்டும், "குளவிக்குப் போன் தெரியுமா, புள்ள?" என்றார்.

"படிச்சிருந்தா வெளங்கும், அக்கா" என்றேன். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுவாரம் மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓட, நான் சத்தத்தைப் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். திரும்பி வந்த அக்கா, தன் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து என்னை மூடினார். அவரை மூட எதுவும் இருக்கவில்லை.

அந்த வீடியோ இன்னும் எனக்கே வருகிறது. அனுப்புகிறவர்களோடு இப்போது நான் வாதாடுவதில்லை. சவப்பெட்டியில் கிடந்த அக்காவின் வீங்கிய முகத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். அதைத்தான் திருப்பி அனுப்புகிறேன்.