சொல்லிக்கொள்ளாமல் போனவள்

ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கியதும் சட்டைப்பையில் திணித்துவிடக் கூடாது. அரபு நாட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்தால் உங்கள் பாதத்தின் அடிப்பக்கம் அவருக்குத் தெரியக் கூடாது. ஜெர்மன்காரரிடம் பத்து மணி என்று சொன்னால் பத்து மணிதான். டிராஃபிக் புராணமெல்லாம் அவரிடம் எடுபடாது. பெங்களூர் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதுதான் பவுலினுக்கு உத்தியோகம். சம்பளம் கொடுத்து மரியாதை கற்றுக்கொடுக்கச் சொல்லும் காலம் இது, நாம் என்ன செய்வது.

பவுலின் ஒண்டிக்கட்டை. ஈஜிபுராவில் வாடகை வீடு. எதிர் வீட்டில் கிருஷ்ணப்பா, ரிட்டயரான பஸ் கண்டக்டர். அவர் மனைவி சரளா யுகாதி வந்தால் எதிர் வீட்டுக் கிறிஸ்தவச்சிக்கும் சேர்த்துத்தான் ஒப்பட்டு, அதாவது போளி, தட்டுவாள். பவுலின் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை முதலில் ருசி பார்ப்பவர் கிருஷ்ணப்பாதான். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு அவருக்கு.

அவர் வீட்டிலிருந்து கிளம்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. "போயிட்டு வரேண்ணா" என்றால் எழுந்து செருப்பைத் தேடுவார். கூடவே வாசல்வரை வருவார். கேட்டைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு கதையை எடுப்பார். அது முடிந்த பிறகுதான் "ஹோக் பா, பவுலினம்மா" என்பார். போய் வா என்று அவர் வாயால் சொல்லாமல் யாரும் அந்த வாசலைத் தாண்டியது கிடையாது. பால்காரனுக்கும் அதே கதிதான்.

அந்த மனிதர் இந்த வருஷம் படுத்துவிட்டார். இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள்.

ஒரு காலை ஆபீஸ் போகும் வழியில் பவுலின் பார்க்கப் போனாள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அசதியில் கண்ணை மூடிக்கொண்டார். ராத்திரியெல்லாம் கண் விழித்த சரளாவும் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டாள். பவுலின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அவள் எழுந்தாள். நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் விலகுவது எல்லா நாட்டிலும் மரியாதைதானே. நாற்காலி சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள். வாசலில் கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கிருஷ்ணப்பாவின் இமை அசைந்தது. கண் பாதி திறந்து அவளைத்தான் பார்த்தது. வாய் எதையோ சொல்லப் போனது.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் எழுந்து உட்காரப் பார்ப்பார், இரு என்பார், காபி என்பார், கதை என்பார். பவுலின் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் எடுத்த பாடம் என்ன தெரியுமா? ஜப்பான் ஆபீஸில் முதலில் வீட்டுக்குக் கிளம்புகிறவர் மற்றவர்களிடம் "உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அதைப் பிள்ளைகளை நிற்க வைத்து, தலை குனிய வைத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

"மேடம், நம்ம ஊர்ல இந்த மாதிரி என்ன சொல்வோம்?" என்று கேட்டான் நரேஷ் என்ற பையன்.

"போயிட்டு வரேன்னு சொல்வோம்," என்றாள். சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த பாடத்துக்குப் போனாள்.

நாலைந்து நாள் கழித்துக் கிருஷ்ணப்பாவின் மகள் வீணா பவுலினைக் காய்கறி வண்டியருகே பிடித்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, அப்பா ஒரே கேள்வியைக் கேட்டு உயிரை எடுக்கிறாரு. பவுலினம்மா ஏன் சொல்லிக்காம போய்ட்டா, நான் என்ன செத்தா போய்ட்டேன், சாவு மனைலதானே அப்படி எழுந்து போவாங்க, அப்படின்னு. தூங்கறீங்கன்னு நெனச்சிருப்பாங்கன்னு அம்மா சொல்லிப் பார்த்துட்டாங்க. கேக்க மாட்டேங்கறாரு."

பவுலினுக்கு முகம் சுண்டிப்போனது. "ஆமா வீணா. தூங்கறாருன்னுதான் நெனச்சேன்," என்றாள்.

இந்தப் பொய்தான் அவளைக் கட்டிப்போட்டது. வெறுமனே மறந்து போயிருந்தால் ஓடிப்போய் "அண்ணா, மன்னிச்சுக்கோங்க" என்றிருப்பாள். இப்போது எந்த முகத்தோடு போய் அந்தக் கண்ணைப் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிதானமாகப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த ஞாயிறு தலைவலி. அடுத்த ஞாயிறு யாரோ விருந்தாளி. இதற்கிடையில் ஜன்னல் கண்ணில் படக் கூடாது என்று பின்பக்கக் குறுக்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தாள். எதிர் வீட்டுக்குப் போக ரோட்டைத் தாண்டினால் போதும். அதைத் தாண்டுவதை விட்டுவிட்டு ஊரைச் சுற்றினாள் புண்ணியவதி.

ஒரு விடியற்காலை அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

வாசலில் ஷாமியானா போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பவுலின் பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், கொஞ்சம் அழுதார்கள், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். அதுதான் முறை. சாவு வீட்டில் போய் வருகிறேன் என்றால் இன்னொரு சாவைக் கூப்பிடுகிற மாதிரி. ஒவ்வொருவரும் எழுந்து போவதைப் பவுலின் பார்த்துக்கொண்டிருந்தாள். இதேபோல்தானே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, உயிரோடு இருந்தவரைப் பார்த்தும் பார்க்காதது போல் நடந்தோம் என்று நினைத்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெட்டியை எடுக்கும் நேரம் நெருங்கியது. பவுலின் எழுந்து பெட்டியருகே போனாள். கண்ணாடிமேல் கையை வைத்தாள்.

"போயிட்டு வரேண்ணா," என்றாள்.

எல்லாருக்கும் கேட்டது. பாயிலிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா, உனக்கு யாரும் இல்லையா சொல்லிக்கொடுக்க? சாவு வீட்ல இப்படியா சொல்றது?" என்றாள் இன்னொருத்தி.

சரளா எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. திட்டப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் பவுலினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். பிறகு பவுலினிடம், "விடும்மா. அதையே நெனச்சு நெனச்சு நீ எங்க வீட்டுப் பக்கமே வரல, எனக்குத் தெரியும். தூங்கறாருன்னு நெனச்சுப் போயிட்ட. இதுல உன் மேல என்ன தப்பு?"

தலையை ஆட்டிவிட்டால் தீர்ந்தது. சரளாவின் கை சூடாக இருந்தது. பவுலின் பெட்டிக்குள் மூடியிருந்த அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"இல்லக்கா," என்றாள். "முழிச்சிட்டுதான் இருந்தாரு. நான் பார்த்தேன்."

சரளா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடித்திருந்த கையை விட்டாள்.