முன் இருக்கை

ஜேசுபாதம் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிக்கும் சலாபம் நடந்து பல வருஷமாகியிருந்த காலம் அது. சங்குதான் குளியாட்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அதிகம் பேசமாட்டார். கூப்பிட்ட வேலைக்கு முகம் சுளிக்காமல் இறங்குவார் என்று பெயர் எடுத்தவர்.

யுத்தம் முடிந்த மறுவருஷம், மதுரைப் பக்கத்து மில் முதலாளி ஒருவரின் விமானம் ஊருக்கு வந்தது. பறக்கப் பழகுகிறவர்களுக்காக ஜெர்மனியில் செய்தது. யுத்தம் ஓயும்வரை கொட்டகைக்குள் பூட்டிக் கிடந்ததாம். மேலும் கீழுமாக இரண்டடுக்குச் சிறகு, துணி போர்த்திய உடம்பு. வாத்தியாரும் படிக்கிறவரும் உட்கார ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த குழிகள். உப்பளத்துக்கு வடக்கே பொட்டலில் அது நின்றதை ஊரே போய்ப் பார்த்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஜேசுபாதத்துக்குச் சிறகும் வாலும்தான் தெரிந்தன.

ஓட்டி வந்தவர் சங்கரபாண்டியன், பட்டாளத்தில் இருந்தவர். அவருக்குப் பெட்ரோல் டின் கொண்டுபோய்க் கொடுத்தவன் சத்தியராஜ்; புதிதாகக் கல்யாணமானவன். கூட்டம் கலைந்த ஒரு மத்தியானம், ஒரு சுற்று வருகிறாயா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவன் முன்குழியில் ஏறி உட்கார்ந்ததை யாரும் பார்க்கவில்லை.

கடலுக்கு மேலே இன்ஜின் நின்றுபோய், சங்கு வள்ளங்கள் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விமானம் தலைகுப்புற விழுந்தது. ஜேசுபாதத்தின் வள்ளம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. அவர் உடனே குதித்தார். அடியில் சேறு கலங்கி ஒன்றும் தெரியவில்லை. விமானத்தின் மூக்கு மண்ணுக்குள் புதைந்திருந்தது. கையால் துழாவி, இருக்கை வாரை அறுத்து, சங்கரபாண்டியனை மேலே கொண்டுவந்தார். உயிர் இல்லை.

துழாவும்போது முன்னால் இன்னொரு குழியின் விளிம்பு அவர் கையில் தட்டியிருந்தது. மறுபடி இறங்கிப் பார்க்கவா என்று வள்ளத்தை நடத்தும் தண்டல் நூஹுவிடம் கேட்டார். ஓட்டினவர்தான் கிடைத்துவிட்டாரே, மேற்கேயிருந்து கச்சான் காற்று வேறு கிளம்புகிறது, கரைக்குப் போவோம் என்றார் நூஹு. ஜேசுபாதத்துக்கும் உடம்பு ஓய்ந்திருந்தது. சரி என்று உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சத்தியராஜின் மனைவி ஞானபாய் அவனைத் தேடிக்கொண்டு பொட்டலுக்குப் போனாள். அங்கே அவன் சைக்கிள் மட்டும் நின்றது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் காற்று வள்ளத்தை இறக்க விடவில்லை. ஒருவழியாகப் போய் இறங்கியபோது, நீரோட்டம் துணியைக் கிழித்து விமானத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. முன்குழியில் வார் மட்டும் அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

ஞானபாய் ஜேசுபாதத்தின் வீட்டுக்கே வந்தாள்.

"அண்ணே, அன்னைக்கு அவுகளத் தொட்டுப் பாத்தியளா?"

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை.

"முன்னால ஒரு குழி கையில தட்டுச்சு தாயி. மூச்சு பத்தல, மேல வந்துட்டேன். திரும்ப இறங்கியிருக்கணும். இறங்கல."

அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

கடல் அமர்ந்த பிறகு அந்த இடத்தைக் காட்டச் சொல்லி ஆள் அனுப்பினாள். ஜேசுபாதம் தன் மனைவி ரோஸையும் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் அழைத்துப் போனார். கோயில் கோபுரத்தையும் வெளிச்ச வீட்டையும் பார்த்துக் கணித்து, இங்கனதான் என்று துடுப்பை நிறுத்தினார். ஞானபாய் தண்ணீரைச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கல்லறைன்னா பக்கத்துல போய் உக்காரலாம். இதுல எங்கன உக்கார?"

ஜேசுபாதம் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

பிறகு அவள் புதுக்கோட்டையில் தன் தாய்வீட்டுக்கே போய்விட்டாள். ஜேசுபாதம் குளிப்பை விடவில்லை; விட்டால் சோற்றுக்கு வழியில்லை. அந்தப் பெண் தன்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று ரோஸிடம் அடிக்கடி சொல்வார். ஏச அவளுக்கு வாய் வரவில்லையே, அதற்கு நான் என்ன செய்ய என்பாள் ரோஸ்.